ஒரு எஞ்சின், ஒரு நம்பர், ஒரு வருஷம்

ரயில் மாடல் என்று சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது, சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றி ஓடும் பொம்மை ரயில்தான். அது வேறு. இங்கே சொல்லப்போவது, நிஜ எஞ்சினை 87ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிற மாடல்களைப் பற்றி. இந்த அளவுக்கு எச்ஓ என்று பெயர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர் இடைவெளி. அமெரிக்காவில் ரயில் மாடல் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த அளவில்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே சரக்கு ரயில் இழுத்த எஸ்டி40-2 என்ற டீசல் எஞ்சின் நிஜத்தில் 68 அடி 10 அங்குல நீளம். எச்ஓவில் அது 24 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலின் மேல் நிறுத்தினால் இன்னும் ஆறு சென்டிமீட்டர் மிச்சமிருக்கும்.

அந்த 24 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு வளர்ந்த மனிதர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். கடையில் வாங்கியதை அப்படியே ஓட்டுவதில்லை. கைப்பிடிக் கம்பியை மாற்றுகிறார்கள், ஹாரனை மாற்றுகிறார்கள், பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கிறார்கள், பிறகு அந்தப் புதுப் பெயின்டைப் பழசாகவும் ஆக்குகிறார்கள். இதற்கு டீட்டெய்லிங் என்று பெயர். இரண்டு மூன்று மாடல்களை அறுத்து ஒட்டி, கடையில் கிடைக்காத எஞ்சினை உண்டாக்கினால் அது கிட்பாஷிங். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். சிக்கல் அவர்களிடம் இல்லை. இதைச் செய்கிறவர்களிலேயே பாதிப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டீட்டெய்லிங் என்றால் பாகங்களைச் சேர்ப்பது என்று நினைக்கிறார்கள். சேர்ப்பது கடைசி வேலை. ஒரே ஒரு எஞ்சினை, அதன் நம்பரோடு, அது எந்த வருஷம் எப்படி இருந்தது என்பதோடு தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

கலிஃபோர்னியாவில் இர்வின் ஆதர்ன் என்பவர் நடத்திய கம்பெனி 1950களிலிருந்து பிளாஸ்டிக் எஞ்சின்களைச் செய்து விற்றது. நீல நிற அட்டைப் பெட்டியில் வரும். அதனால் 'புளூ பாக்ஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. விலை குறைவு. விழுந்தாலும் ஓடும். கழற்றிப் பூட்டுவது சுலபம், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். அமெரிக்காவில் இரண்டு தலைமுறைகள் டீசல் எஞ்சின் மாடலைக் கற்றுக்கொண்டது அந்த நீலப் பெட்டியில்தான்.

குறைகளும் இருந்தன. 1950களிலும் 60களிலும் அச்சு வார்க்கப்பட்ட சில எஞ்சின்களில், உள்ளே இருக்கும் மோட்டார் கொள்ள வேண்டும் என்பதற்காக, எஞ்சினை மூடியிருக்கும் நீளமான ஹுட்டை நிஜத்தைவிட அகலமாகச் செய்துவிட்டார்கள். ஜிபி9, ஜிபி35 எல்லாம் கொஞ்சம் ஊதினாற்போல இருக்கும். பக்கத்து நடைபாதை குறுகிப்போயிருக்கும். 1980களில் வந்த எஸ்டி40-2, ஜிபி38-2 போன்றவற்றில்தான் இது சரியானது. பிடிக்கம்பிகள் தனிக் கம்பிகளாக இருக்காது, உடம்போடு சேர்ந்து புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். மூக்கில் ஹோஸ் கிடையாது. கூரை ஃபேனுக்குள் எட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் தரைதான் தெரியும்.

இந்தக் குறைகளை நம்பியே ஒரு சிறுதொழில் வளர்ந்தது. டீட்டெய்ல் அசோசியேட்ஸ், டீட்டெய்ல்ஸ் வெஸ்ட், கால்-ஸ்கேல் என்று பல பெயர்களில் சின்னச் சின்னப் பைகளில் பாகங்கள் விற்றார்கள். ஒரு பையில் ஒரு ஹாரன். இன்னொன்றில் ஒரு மணி. இன்னொன்றில் பிரேக் ஹோஸ் நாலைந்து. கேனன் அண்ட் கம்பெனி என்ற நிறுவனம் டிரைவர் கேபின்களையும் ஹுட் கதவுகளையும் மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்து விற்றது. அவற்றின் கூர்மையைப் பார்த்துவிட்டு நீலப் பெட்டி கேபினைப் பார்த்தால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். கப்ளிங்குக்குக் கேடீ. எழுத்துக்கும் நம்பருக்கும் மைக்ரோஸ்கேல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால் தாள்கள்.

வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பிடிக்கம்பியை எடுத்துக்கொள்வோம். நிஜ எஞ்சினில் அது பதினெட்டு அங்குல அகலம் என்றால் எச்ஓவில் ஐந்தேகால் மில்லிமீட்டர். உடம்போடு வார்த்திருக்கும் புடைப்பை முதலில் உளி போன்ற பிளேடால் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் பள்ளம், கொஞ்சம் மேலாகப் போனால் தழும்பு. பிறகு தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பிறகு நம்பர் 80 டிரில் பிட், 0.34 மில்லிமீட்டர். தலைமுடியைவிடச் சில மடங்குதான் தடிமன். மோட்டார் டிரில்லில் மாட்டினால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால் கையால்தான் சுழற்ற வேண்டும். சற்றுச் சாய்ந்தால் டிக் என்று உடையும். உடைந்த முனை துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அன்றைய தினம் முடிந்தது. துளை விழுந்ததும் வளைத்த பித்தளைக் கம்பியைச் சொருகி, உள்பக்கமிருந்து ஃபெவிக்விக் மாதிரியான பசையில் ஒரு சொட்டு. வெளிப்பக்கம் வைத்தால் வெள்ளையாகப் பூத்துப் போகும். இது ஒரு பிடிக்கம்பிக்கு. ஒரு எஞ்சினுக்கு இப்படி இருபது வரை வரும்.

இவ்வளவு கஷ்டப்படுகிறவர் எந்த எஞ்சினைச் செய்கிறார் என்று கேட்டால், "எஸ்டி40-2" என்பார். எந்த எஸ்டி40-2? அங்கேதான் முழிப்பார்.

எஸ்டி40-2 என்ற வகை 1972ல் வந்தது. 3,000 குதிரைசக்தி. ஏறக்குறைய 4,000 எஞ்சின்கள் செய்யப்பட்டன. டஜன் கணக்கான ரயில்வே கம்பெனிகள் வாங்கின. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கேட்டு வாங்கியது. சதர்ன் ரயில்வேக்கு முன்மூக்கு உயரமாக வேண்டும், அதோடு நீள ஹுட் பக்கத்தை முன்னால் வைத்துத்தான் ஓட்டுவார்கள். மற்ற பெரும்பாலான கம்பெனிகளுக்கு மூக்கு தாழ்ந்திருக்க வேண்டும். பனி விழும் ஊரில் முன்னால் கலப்பை. இறக்கத்தில் ரயிலைப் பிடித்து நிறுத்த உதவும் டைனமிக் பிரேக்கை மலைப்பாதைக் கம்பெனிகள் கேட்டு வாங்கின. சமவெளிக்காரர்கள் பல வகை எஞ்சின்களை அது இல்லாமலே வாங்கினார்கள், அவற்றின் கூரையில் அதற்கான ஃபேன் இருக்காது. சதர்ன் பசிஃபிக் எஞ்சின்களின் மூக்கைப் பார்த்தால் கல்யாண வீட்டு வாசல் மாதிரி விளக்குகள். சாதாரண ஹெட்லைட் போக, ஆடிக்கொண்டே எரியும் விளக்கு, அவசரமாக நிற்கும்போது எரியும் சிவப்பு விளக்கு என்று ஒரு பட்டாளம்.

இவ்வளவும் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் நாளன்று. அதற்கப்புறம் முப்பது வருஷ வாழ்க்கை. சதர்ன் பசிஃபிக்கின் அந்த ஆடும் விளக்குகளைப் பின்னாளில் பல எஞ்சின்களில் கழற்றிவிட்டு ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார்கள். கேபின் கூரையில் ஏசி பெட்டி ஏறியது. ஆன்டெனாவின் வடிவம் மாறியது. லெவல் கிராசிங் விபத்துகளைக் குறைப்பதற்காக, எஞ்சினின் முன்பக்கம் தாழ்வாக இரண்டு பக்கமும் கூடுதல் விளக்கு வைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்து, 1997 முடிவு வரை கெடு கொடுத்தது. அதன் பெயர் டிச் லைட். ஆகவே ஒரு மாடலில் டிச் லைட்டைப் பார்த்தவுடனே அது எந்தக் காலத்து எஞ்சின் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1975ஆம் வருஷத்துப் பெயின்டோடு டிச் லைட் எரியும் சாண்டா ஃபே எஞ்சின் என்பது, கட்டபொம்மன் கையில் ரிஸ்ட் வாட்ச் கட்டிய கதைதான்.

கேடலாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்தத் தப்பு வராமல் போகாது. கேடலாக்கில் டிச் லைட் இருக்கும், அழகாகவும் இருக்கும், வாங்கத் தோன்றும். ஏசி பெட்டி இருக்கும். சுழலும் விளக்கு இருக்கும். எல்லாவற்றையும் வாங்கி எஞ்சின் மேல் அடுக்கினால் கிடைப்பது எஞ்சின் இல்லை, கொலு. ஒவ்வொரு படியிலும் ஒரு பொம்மை. எது எதற்கு என்று கேட்கக்கூடாது.

ஃபோட்டோவை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் பாதி நேரம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார், சேர்த்துக்கொண்டு இருக்கமாட்டார். இந்த எஞ்சினில் கலப்பை இல்லை, சரி, எடு. இதன் பின்பக்கக் கைப்பிடி வளைந்திருக்கிறது, வளை. மூன்றாவது கதவு வேறு எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டியது போலிருக்கிறது, நிறம் சேரவில்லை, அதையும் அப்படியே அடி. 1976 ஏப்ரல் 1 அன்று பென் சென்ட்ரல், ஈரி லாக்கவானா, ரீடிங் போன்ற திவாலான கம்பெனிகளைச் சேர்த்து கான்ரெயில் என்று ஒன்று தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான எஞ்சின்களுக்கு ஒரே நாளில் நீல நிறம் அடிக்க முடியுமா? பழைய பெயரின் மேல் ஒரு பட்டை அடித்து மூடிவிட்டு, புது எழுத்தைப் போட்டு ஓட்டினார்கள். அந்த ஒட்டுப்போட்ட எஞ்சின்களைச் செய்கிற மாடல்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டை எவ்வளவு கோணலாக இருந்ததோ அவ்வளவு கோணலாகவே அடிக்கிறார்கள். கோணலாக அடிப்பதற்கு நேராக அடிப்பதைவிடக் கை சுத்தம் வேண்டும்.

அழுக்குக்கும் இதே கதைதான். புதிதாகச் செய்கிறவர்கள் டீசல் எஞ்சின் முழுக்கத் துரு பூசிவிடுவார்கள். நிஜத்தில் நாலு ஷெட் தள்ளிப் போய்ப் பார்த்தால் தெரியும், ஓடிக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சினின் உடம்பில் துரு அவ்வளவாக இருக்காது. டேங்க் வாய்க்குக் கீழே டீசல் வழிந்த கறை இருக்கும். மணல் நிரப்பும் வாய்க்குக் கீழே வெளிறிய கோடு இருக்கும். போகியில் பிரேக் தூசியும் மண்ணும் படிந்து ஒரே பழுப்பாக இருக்கும். கூரையில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி. வெயிலில் நின்று நிறம் வெளுத்திருக்கும், அதற்கு அதே பெயின்டில் கொஞ்சம் வெள்ளை கலந்து மெலிதாக ஏர்பிரஷ்ஷில் ஊதினால் போதும். எது எங்கிருந்து வழிகிறது என்று தெரிந்தவர் கையில் அழுக்குக்கூட அர்த்தத்தோடு விழும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சண்டை வரும். "ரிவெட் எண்ணுகிறவன்" என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. நிஜ எஞ்சினில் எத்தனை ரிவெட், மாடலில் எத்தனை ரிவெட் என்று எண்ணிச் சண்டை போடுகிறவர். எதிர்க்கட்சியினர் "மூன்றடி விதி" என்று ஒன்றைச் சொல்வார்கள். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாக இருக்கிறதா, அது போதும். இதில் யார் பக்கம் நியாயம்?

இரண்டு பேர் பக்கமும் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உண்மையில் ரிவெட் எண்ணுகிறவர் பக்கம்தான் கொஞ்சம் கூடுதல் நியாயம். அவர் தன் மேஜையில் எண்ணினால், அது கவனம். அடுத்தவர் மேஜைக்குப் போய் எண்ணினால் அது வெறும் கெட்ட பழக்கம். மூன்றடி விதிக்காரர் சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் சரியாகச் செய்ய யாராலும் முடியாது. எச்ஓ தண்டவாளமே நிஜத்தைவிடத் தடிமன். சக்கரம் அகலம். பிளாஸ்டிக்கில் அதற்கு மேல் மெலிதாக வார்க்க முடியாது என்ற எல்லை இருக்கிறது. எதை மன்னிக்கிறோம் என்று தெரிந்து மன்னித்தால் சரி. எது தப்பு என்றே தெரியாமல் இருப்பதற்கு மூன்றடி விதி என்று பெயர் வைக்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், 2010களில் தொடங்கிய ஸ்கேல்டிரெயின்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் உயர்ரக மாடல் வரிசைக்கு 'ரிவெட் கவுன்டர்' என்றே பெயர் வைத்துவிட்டது. திட்டுவதற்கு வைத்த பெயர் அட்டைப்பெட்டியில் அச்சாகிவிட்டது!

இங்கேதான் உண்மையான கேள்வி வருகிறது. இன்றைக்கு ஸ்கேல்டிரெயின்ஸ், ரபிடோ, ஆதர்னின் ஜெனிசிஸ் வரிசை எல்லாம் பெட்டியிலேயே எல்லாவற்றையும் போட்டுத் தருகின்றன. தனித்தனிப் பிடிக்கம்பி, உள்ளே தெரியும் ஃபேன், ஒலி, எரியும் டிச் லைட். அதுமட்டுமில்லை, இந்த நம்பருக்கு இந்த ஹாரன், அந்த நம்பருக்கு அந்த ஹாரன் என்று நம்பர் வாரியாகவே செய்கிறார்கள். அதாவது ஃபோட்டோவைப் பார்க்கும் வேலையையும் அவர்களே செய்துவிடுகிறார்கள். நீலப் பெட்டியோ கிட்டத்தட்ட முடிந்துபோன கதை. இர்வின் ஆதர்ன் 1991ல் இறந்தார். 2004ல் கம்பெனியை ஹொரைசன் ஹாபி வாங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நீலப் பெட்டிக் கிட்டுகள் நின்றன. பலர் கைக்குப் பழகியிருந்த ஃபிளோக்வில் பெயின்ட் 2013ல் நிறுத்தப்பட்டது. சின்னப் பைகளில் பாகம் விற்றவர்களில் பலர் ஒரு ஆள், இரண்டு ஆள் வைத்து நடத்தியவர்கள். நடத்தியவருக்கு வயதானால் அச்சும் ஓய்வு பெற்றுவிடும்.

அப்படியானால் இனி எதற்கு அறுத்து ஒட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. இந்தப் புது மாடல்கள் பெரும்பாலானவர்களின் கைவேலையைவிட நன்றாகவே இருக்கின்றன என்பதை ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் அது பொய். வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் ரெடிமேட் வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. சட்டைகூடத்தான் ரெடிமேட் வாங்குகிறோம்.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை டாலரில் மட்டும் இல்லை. டாலரையும் பார்ப்போம். ஒலியோடு வரும் ஒரு புது எஞ்சின் 300 டாலரைத் தாண்டிவிடுகிறது. 300 டாலர் கொடுத்து வாங்கியதன் மேல் யார் ரம்பத்தை வைப்பார்கள்? பிடிக்கம்பி உடைந்தால்கூட ஒட்டப் பயம். நீலப் பெட்டி எஞ்சினைக் கெடுத்தால் ஒரு வாரம் வருத்தம், அடுத்த மாதம் இன்னொன்று. கெடுக்க முடிகிற விலையில் இருந்ததால்தான் அத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள். பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ தைரியமாக முதல் வெட்டு வெட்ட ஒரு மலிவான எஞ்சின் வேண்டும். பழைய புளூ பாக்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பது ஒரு ஆறுதல். அகல ஹுட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல் அதை வாங்குகிறவர் புத்திசாலி.

இன்னொன்று. தொழிற்சாலை எந்த எஞ்சினை, எந்த நம்பரை, எந்த வருஷத்தைச் செய்வது என்பதை விற்பனைதான் முடிவு செய்கிறது. பெரிய கம்பெனி, பிரபலமான நிறம். முன்பதிவு வராத எஞ்சின் வராது. அறுபது மைல் பாதையில் இரண்டே எஞ்சின் வைத்து ஓட்டிய குட்டி ரயில்வேயின் எஞ்சின் யாருக்கு வேண்டும்? அந்த எஞ்சினும் ஒருநாள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பிறகு அது முப்பரிமாணத்தில் இருக்கும் ஒரே இடம், அதன் பக்கத்தில் நின்று கதவுகளை எண்ணிய ஒரு ஆளின் அலமாரியாகத்தான் இருக்கும்.

இதற்குச் சரியான உதாரணம் சிஎஃப்7. சாண்டா ஃபே ரயில்வேயிடம் எஃப்7 என்ற பழைய எஞ்சின்கள் நிறைய இருந்தன. வளைந்த மூக்கு, வழவழப்பான உடம்பு, பழைய விளம்பரங்களில் பயணிகள் ரயிலுக்கு முன்னால் நிற்குமே, அந்த ஜாதி. பார்க்க அழகு. ஆனால் முன்னும் பின்னும் ஓட்டிச் சரக்கு வண்டிகளை மாற்றுகிற வேலைக்கு லாயக்கில்லை, டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது. புது எஞ்சின் வாங்கக் காசைக் கொட்ட வேண்டாம் என்று, டெக்சாஸில் கிளீபர்ன் என்ற ஊரிலிருந்த தன் ஒர்க் ஷாப்பில் 1970லிருந்து 1978 வரை 233 எஃப்7களை அறுத்தது. எஃப்7ன் உடம்பு வெறும் மூடி இல்லை, பாலத்தின் இரும்புச் சட்டம் மாதிரி அதுதான் பாரத்தைத் தாங்கும். உடம்பை எடுத்தால் நடு முதுகு வளைந்துவிடும். ஆகவே கீழே புதிதாக ஒரு சட்டத்தையே செய்து, எஞ்சினையும் போகியையும் அதில் ஏற்றி, தகட்டில் நேர்க்கோட்டு ஹுட் ஒன்றைக் கட்டினார்கள். முதலில் வந்தவற்றுக்கு எஃப்7ன் வளைந்த கேபின் கூரையே மிச்சமிருந்தது. பின்னால் வந்தவற்றுக்குக் கோணக் கூரை. நம்பரும் 2649ல் தொடங்கிக் கீழ்நோக்கி 2417 வரை போனது. 1980களில் அவற்றைச் சாண்டா ஃபே விற்க, அமெரிக்கா முழுக்கக் குட்டி ரயில்வேக்கள் வாங்கிக்கொண்டன. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நிறம் அடித்தது, விளக்கை மாற்றியது.

இதற்குப் பெயர் என்ன? நிஜ ரயில்வே செய்த கிட்பாஷிங்! தொழிற்சாலை மாடல் வருவதற்கு முன்பே வீட்டு மேஜைகளில் எஃப்7 ஒன்றையும் ஜிபி ஒன்றையும் அறுத்து சிஎஃப்7 செய்தவர்கள், கிளீபர்ன் தொழிலாளிகள் செய்த அதே வேலையை 87ல் ஒரு பங்கில் செய்தார்கள். எங்கே வெட்டினால் எது தொங்கும் என்று அவர்களுக்குக் கை வழியாகத் தெரியும். பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ரெடிமேடில் போவது இந்த அறிவுதான். எஞ்சினும் சட்டையும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

நம்மூர்ப் பக்கம் இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி 1969ல் எஞ்சின் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால் அதன் டிசைன் ஒன்று அதற்கு முன்பே கப்பலேறிவிட்டது. 1962ல் ஆல்கோவிலிருந்தே வந்திறங்கி, 1964லிருந்து வாராணசியில் செய்யப்பட்ட டபிள்யூடிஎம்-2தான் அது. 2,600 குதிரைசக்தி, 2,600க்கும் அதிகமான எஞ்சின்கள். ஈரோட்டிலும் பொன்மலையிலும் ஷெட்டுகள். அந்த 'கடகட கடகட' சத்தத்தைக் கேட்டு வளராதவர்கள் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையில் குறைவு. மின்மயமான பிறகு அவை பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டன.

இதை மாடலாகச் செய்ய ஆசைப்பட்டவர்களுக்கு வெகுகாலம் கடையில் வாங்க ஒன்றும் இருந்ததில்லை. உடம்பை அட்டையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ தாங்களே வெட்டிச் செய்ய வேண்டும். அடியில் போட அமெரிக்க ஆல்கோ மாடல் ஒன்றின் சேசிஸைத் தேட வேண்டும், ஏனென்றால் டபிள்யூடிஎம்-2ன் போகி ஆல்கோவின் தனி முத்திரை. மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. தப்பான போகியைப் போட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே குத்தும். பிறகு தண்டவாளச் சிக்கல். இந்திய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ல் ஒரு பங்கு என்றால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5தான். பெரும்பாலோர் அதை மன்னித்துவிட்டு மேலே இருப்பதில் கவனம் வைக்கிறார்கள். மேலே சொன்ன மன்னிப்பு இதுதான், தெரிந்தே செய்தது.

மேலே கவனம் வைக்க விஷயம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு ஷெட்டும் தனக்கென்று ஒரு நிறம் வைத்திருந்தது. ஒற்றை வட்ட ஹெட்லைட் போய் இரட்டை விளக்கு வந்தது. ஜன்னலுக்குக் கம்பி வலை ஏறியது. ஷெட்டின் பெயர், எஞ்சின் நம்பர், அடுத்த பராமரிப்புத் தேதி என்று கையால் எழுதிய பெயின்டர்களின் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எந்த டெக்கால் தாளிலும் கிடைக்காது, மெல்லிய பிரஷ்ஷால் எழுதத்தான் வேண்டும். ஆயுத பூஜை வந்தால் ஷெட்டில் எஞ்சினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்றும் கட்டுவார்கள். ஹெட்லைட்டுக்குக் கீழே வைத்த அந்தக் குங்குமம் அப்புறம் பல நாள் மழையிலும் டீசல் புகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அதை 87ல் ஒரு பங்கில் வைக்க ஒரு ஊசி முனை சிவப்பு போதும். ஆனால் வைப்பதற்கு முன் அது பூஜையன்றைக்கா, பத்து நாள் கழித்தா என்று முடிவு செய்தாக வேண்டும். பத்து நாள் கழித்து என்றால் மாலையில் பூ இருக்காது. நார் மட்டும் தொங்கும்.